பச்சைத் துணி கட்டிய நான்கு பிரதிகள்

நான் பணியாற்றி ஓய்வுபெற்ற நூலகத்தில் இப்போது ஒரு புதிய விதி வந்திருக்கிறதாம். ஒரு வீட்டிலிருந்தோ கோயிலிலிருந்தோ பழைய நூல்களைப் பேணுவதற்காக எடுக்கப் போனால், ஒரு நூலையும் தொடுவதற்கு முன்பு அலமாரியைத் தட்டுத் தட்டாகப் படம் பிடிக்க வேண்டுமாம். சென்ற மாதம் இளைய ஊழியர் இருவர் என்னைத் தேடி வந்து, இந்த விதியால் ஒரு நாள் முழுவதும் பாழாகிறது என்று முறையிட்டார்கள்.

"தூசியப் படம் பிடிச்சிக்கிட்டு நிக்கிறோம் சார். ஒழுங்கா இருந்தா படம் பிடிக்கலாம். கலைஞ்சு கிடக்கிறத எதுக்குப் படம் பிடிக்கணும்? நீங்க ஒரு வார்த்தை சொன்னா மேல உள்ளவங்க கேப்பாங்க" என்றார் ஒருவர்.

அன்று நான் விடை சொல்லவில்லை. தேநீர் கொடுத்து அனுப்பிவைத்தேன். சொல்லத் தொடங்கியிருந்தால் என் குரல் உயர்ந்திருக்கும். எழுபதைக் கடந்தவனின் குரல் உயர்வதை என் மருத்துவர் விரும்புவதில்லை. ஆகவே எழுதுகிறேன்.

என்னைப் பற்றிச் சொல்ல வேண்டுவது சிறிது. இலக்கணமும் நிகண்டும் ஒரு புலவரிடம் ஏழாண்டு பாடம் கேட்டேன். அவர் ஒரு வாக்கியத்தில் தவறு கண்டால் அந்தப் பக்கம் முழுவதையும் மறுபடி எழுதவைப்பார். ஜப்பானியர் ஆட்சியில் மரவள்ளி பயிரிட்டேன். புத்தகப் பசைக்கு மாவு கிடைக்காத காலம் அது என்பதைத் தவிர, அந்த ஆண்டுகளுக்கும் என் தொழிலுக்கும் தொடர்பில்லை. போர் முடிந்த பின் மலாக்கா நகர நூலகம் ஒன்றில் தமிழ்ப் பிரிவுக்கு உதவியாளனாகச் சேர்ந்தேன். பசை காய்ச்சவும், தைக்கவும், கிழிந்த தாளுக்கு மெல்லிய தாள் ஒட்டவும் அங்கேதான் கற்றேன்.

எங்கள் நூலகத் தலைவர் திரு. செல்லத்துரை, யாழ்ப்பாணத்தார். அவர் ஒருவரையும் அதட்டி நான் கண்டதில்லை. காலையில் வந்ததும் மூன்று பென்சில்களைச் சீவி, மேசையின் விளிம்புக்கு இணையாக வைப்பார். பேனா வைத்திருப்பவரை நூல்கள் உள்ள அறைக்குள் விடமாட்டார். யாரேனும் பிழை செய்துவிட்டால், கையிலுள்ள பென்சிலை மற்ற இரண்டின் அருகே கிடத்திவிட்டு, பிழை செய்தவர் தாமாகப் பேசும்வரை காத்திருப்பார். அந்தப் பென்சில் மேசையில் படும் ஓசைக்கு நான் அஞ்சியதுபோல் ஜப்பானியச் சிப்பாயின் காலணி ஓசைக்கும் அஞ்சியதில்லை.

அவருடைய முதல் விதி இதுதான்: "புத்தகத்தைத் தூக்கிறதுக்கு முதல் அது இருந்த இடத்தை எழுதிப்போடும்." அதற்கென்று ஒரு தாள் வைத்திருந்தார், 'இட ஒற்றை' என்பார். எத்தனையாவது தட்டு, இடப்பக்கத்திலிருந்து எத்தனையாவது நூல், நிற்கிறதா கிடக்கிறதா, முதுகு வெளியே தெரிகிறதா உள்ளே திரும்பியிருக்கிறதா, தலைகீழா என்று ஐந்து கட்டங்கள். ஒரு நூலுக்கு ஒரு வரி. நூற்றெழுபது நூல்களுக்கு நூற்றெழுபது வரி. இதை எழுதி முடித்த பிறகே தூசி தட்டும் தூரிகையைத் தொடலாம்.

மலாயா சுதந்திரம் அடைவதற்கு முந்தின ஆண்டு. நகரில் ஒரு கண்காட்சி வைக்கும் ஏற்பாடு நடந்தது. இந்நாட்டு மக்கள் எந்தெந்த மொழிகளில் என்னென்ன வாசித்து வந்தார்கள் என்று காட்டுவதற்குப் பழைய நூல்கள் தேவைப்பட்டன. காஜா பெராங்கில், கம்போங் செட்டியிலுள்ள ஒரு வீட்டில் ஓர் அலமாரி நிறைய, நூற்றெழுபது தமிழ் நூல்கள் இருப்பதாகச் செல்லத்துரைக்குத் தெரியவந்தது. வீட்டுக்காரர் தர்மலிங்கம் பிள்ளை, நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைபவர், ஐம்பத்தைந்து வயதினர். மனைவியை இழந்தவர்; இந்திராணி என்று ஒரே மகள். பல நூற்றாண்டுகளுக்கு முன் இங்கே குடியேறிய தமிழ் வணிகர் வழிவந்த மலாக்காச் செட்டிகளில் பெரும்பாலோரைப் போல அவரும் வீட்டில் பேசியது மலாய்தான். இடையிடையே நான்கைந்து தமிழ்ச் சொற்கள் வரும். 'அக்கா' என்பது அவற்றுள் ஒன்று. தமிழ் எழுத்து அவருக்குத் தெரியாது. நூல்கள் வீட்டைவிட்டு வெளியே போகக் கூடாது, அங்கேயே வைத்துப் பேணிக்கொள்ளலாம் என்று சொல்லி, வாசல் சாவியை என் கையில் கொடுத்தார். அவருடைய அக்கா தெய்வானை புக்கிட் பாருவில் உறவினர் வீட்டில் நோயுற்றுக் கிடந்தார். பிள்ளை அலுவலகம் விட்டதும் அங்கே போய்விடுவார்; மகளும் அங்கேயே தங்கியிருந்தாள்.

எனக்கு உதவியாக ஆசிரியப் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்த இருவரை விடுமுறைக் காலத்துக்கு அனுப்பினார்கள். ராஜு என்ற இளைஞர். ஸ்டெல்லா என்ற பெண். 'உதவி' என்ற சொல்லை நான் அதன் அகராதிப் பொருளில் எழுதவில்லை.

ராஜுவுக்குக் கை சும்மா இராது. பள்ளி விடுமுறைகளில் ஒரு புத்தகம் கட்டும் கடையில் வேலை செய்தவர் என்பதால், எதைக் கண்டாலும் கட்டத் துடிப்பார். ஸ்டெல்லாவின் கையெழுத்து முத்துப்போல இருக்கும். ஆனால் தாளைப் புரட்டும்போது விரலை நாக்கில் தொட்டுக்கொள்வார். நான் தடுப்பேன். சரி சார் என்பார். இரண்டு தாள் கழித்து விரல் மறுபடியும் நாக்குக்குப் போகும். பசைக்கு மாவு காய்ச்சும்போது பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் ஒரு சிட்டிகை சேர்க்கவேண்டும் என்று ராஜுவிடம் சொன்னேன். மறுநாள் பசை கடல் நிறத்தில் இருந்தது.

"என்ன இது?"

"ஒரு சிட்டிகைக்கே பூச்சி வராதுன்னா, ஒரு கரண்டி போட்டா பேரப்பிள்ள காலத்துக்கும் வராதுல்ல சார்?"

"நாக்குல தொட்டுத் தொட்டுப் புரட்டுறா பாருங்க, இந்தப் பசைய ஸ்டெல்லாவுக்கு மட்டும் குடுக்காதீங்க சார். அப்புறம் அவளுக்கும் பூச்சி வராது" என்று ராஜுவே தொடர்ந்தார்.

"உன் வாய்க்கு முதல்ல பசை போடணும் ராஜு" என்றார் ஸ்டெல்லா.

இந்த இருவரையும் வைத்துக்கொண்டு பதினைந்து நாளில் வேலையை முடிக்கவேண்டியிருந்தது. தூரிகையை முதுகிலிருந்து வெளிப்புறமாக இழுக்கவேண்டும். பத்துத் தாளுக்கு ஒரு முறை நிறுத்திப் பூச்சியைப் பார்க்கவேண்டும். வெயிலில் காட்டாமல் நிழலில் ஆற்றவேண்டும். இவற்றையெல்லாம் நாளைக்கு மூன்று முறை சொன்னேன். இனி நான் செய்ததைச் சொல்கிறேன்.

முதல் நாள் அலமாரியைத் திறந்தபோது எனக்கு எரிச்சல் மூண்டது. சில நூல்கள் நின்றன, சில கிடந்தன. சில தலைகீழாக இருந்தன. பதினான்கோ பதினைந்தோ முதுகு உள்ளே திரும்பியிருந்தன. புராணத்தின் பக்கத்தில் சோதிடம். சோதிடத்தின் பக்கத்தில் பாதிக் கணிதப் பாடம். ராஜு இட ஒற்றைகளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"சார், இதெல்லாம் எங்க இருந்துச்சுன்னு எழுதணுமா?"

நான் சொன்ன விடையை இன்றுவரை மறக்கவில்லை. "எழுத்தறியாதவர் அடுக்கியதில் வரிசை ஏது? இது குவியல். குவியலுக்கு இட ஒற்றை வேண்டாம். எல்லாவற்றையும் இறக்குங்கள்."

இறக்கினார்கள். அகரவரிசைப்படி, பொருள்வாரியாக, நாங்கள் பட்டியலிட்டு அடுக்கினோம். அடுக்கி முடித்தபோது அந்த அலமாரியைப் பார்த்து நான் மகிழ்ந்தேன் என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

அந்தத் தொகுப்பில் ஒரே அந்தாதி நூலின் நான்கு பிரதிகள் இருந்தன. சிறிய நூல், அம்மன்மேல் பாடியது. பிள்ளையின் பாட்டனார் சென்னையிலிருந்து ஒரே சமயத்தில் வரவழைத்தவை. நான்கிலும் அட்டை போய்விட்டது, முகப்புத் தாளும் போய்விட்டது. நான் இரண்டு நாள் நூலகத்தில் தங்கவேண்டியிருந்தது. திரும்பி வந்தபோது ராஜு என் கண்களைத் தம் கையால் மறைக்காத குறையாக அழைத்துப் போய்க் காட்டினார். நான்கு பிரதிகளையும் பிரித்துத் தைத்து, ஓரங்களை நறுக்கி, பச்சைத் துணி அட்டை கட்டியிருந்தார். புழுத் துளைகளைத் தாள்கூழ் வைத்து அடைத்திருந்தார். கறைகளை ரொட்டித் துண்டால் தேய்த்து எடுத்திருந்தார். நான்கும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளாகப் பக்கம் பக்கமாக நின்றன.

"யாரைக் கேட்டு?" என்றேன்.

"கேட்டா வேணாம்னு சொல்லுவீங்கன்னுதான் சார் கேக்கல."

"நான் அப்பவே சொன்னேன்" என்றார் ஸ்டெல்லா.

"நீ எங்க சொன்ன? நீ பசியாறப் போயிட்ட."

அவர் கட்டிய தையல் நேர்த்தியாக இருந்தது. அதுவும் என் சினத்தைக் கூட்டியது.

மறுநாள் மாலை பிள்ளை வந்தார். அக்காவுக்கு இனி நாள் அதிகமில்லை, சொந்த வீட்டில் கண்மூட விரும்புகிறார், நாளை மறுநாள் அழைத்து வருகிறோம் என்றார். பிறகு அலமாரியைத் திறந்தார். நான் பெருமையோடு பக்கத்தில் நின்றேன். அவர் பேசியது மலாய். நான் தமிழாக்கித் தருகிறேன்.

கீழ்த்தட்டின் இடது ஓரத்தில் கையை வைத்தார். கை நின்றது. "மானா?" என்றார். எங்கே என்று பொருள்.

"எது வேண்டும், சொல்லுங்கள். இப்போது எந்த நூலையும் ஒரு நிமிடத்தில் எவரும் எடுத்துவிடலாம்" என்றேன்.

"எவரும் எடுக்கலாம். நான் மட்டும் எடுக்க முடியாது" என்றார்.

அதன் பிறகே கேட்டு அறிந்தேன். அந்த வீட்டில் பெயர் சூட்டுவதற்கும், புது வீடு புகுவதற்கும், திருமணத்துக்கும், சாவுக்கும் அந்த அந்தாதியையே படிப்பார்கள். தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவரை அழைத்து வந்து படிக்கச் சொல்வார்கள். ஆனால் ஒரு காரியத்துக்குத் திறந்த பிரதியை வேறு காரியத்துக்குத் திறப்பதில்லை. நான்கு பிரதிகள் வாங்கப்பட்டதே அதற்காகத்தான். மேல்தட்டில் இடமிருந்து மூன்றாவது திருமணத்துக்கு. கீழ்த்தட்டில் ஓரமாக, முதுகு உள்ளே திரும்பி இருப்பது சாவுக்கு. மற்ற இரண்டுக்கும் அப்படியே இடமும் நிலையும் உண்டு. அவருடைய தாயார் அந்த இடங்களைக் கையைப் பிடித்துக் காட்டிக் கொடுத்திருக்கிறார். நாள் முழுவதும் வரைபடத்தில் எது எங்கே என்று குறித்துக்கொண்டிருந்த மனிதருக்கு அதைவிடத் தெளிவான நூற்பட்டியல் தேவைப்படவில்லை.

பச்சைப் பிரதிகள் நான்கையும் அவர்முன் வைத்தேன். ஒன்றை எடுத்துப் பார்த்தார், அடுத்ததை எடுத்தார், முதலாவதை மறுபடி எடுத்தார்.

"அம்மாவுக்குப் படித்ததைத்தான் அக்காவுக்குப் படிக்கவேண்டும். மாறிப்போனால் இந்திராணி கல்யாணத்தில் சாவுப் புத்தகத்தைத் திறந்துவிடுவோம். அவளுக்கு நிச்சயம் ஆகிவிட்டது, சார்" என்றார். அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. கடிந்துகொண்டிருந்தால் எனக்குப் பதில் சொல்லும் வாய்ப்பாவது கிடைத்திருக்கும்.

அன்று மாலையே செல்லத்துரையின் வீட்டுக்குப் போனேன்.

"இட ஒற்றை எங்கை?" என்றார்.

நான் வெறுங்கையை விரித்தேன். அவர் கையில் பென்சில் இருந்தது. அதை மேசையில் வைத்தார்.

"நான்தான் வேண்டாம் என்றேன். வரிசை இல்லை என்று நினைத்தேன்."

"நீர் நினைச்சீர்" என்றார். பென்சிலை மறுபடி எடுத்துக்கொண்டு, "புழுத் துளை இருக்கோ?" என்று கேட்டார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. புத்தகப் புழு ஒரு நூலோடு நிற்பதில்லை. ஒன்றின் கடைசித் தாளைத் துளைத்துக்கொண்டு பக்கத்து நூலின் முதல் தாளுக்குள் போய்விடும். இரண்டு நூல்களின் துளைகள் ஒரே உயரத்தில், ஒரே தொலைவில் இருந்தால் அவை ஒரு காலத்தில் பக்கத்தில் பக்கத்தில் நின்றவை. ஒன்று தலைகீழாக நின்றிருந்தால் துளையைத் தலைப்பக்கத்திலிருந்து அளந்தால் பொருந்தும். முதுகு உள்ளே திரும்பியிருந்தால் அதுவும் தெரிந்துவிடும். நாங்கள் எழுதத் தவறிய ஒற்றையைப் புழு எழுதி வைத்திருந்தது.

அக்காவை அழைத்து வருவதை மருத்துவர் ஒத்திப்போட்டார். அதனால் எங்களுக்குப் பதினொரு நாள் கிடைத்தது. நூற்றெழுபது நூல்களையும் மறுபடி இறக்கினோம். ஈர்க்குகளை மெலிதாகச் சீவி, துளைகளில் செலுத்தி, போகும் ஆழத்தைக் குறித்தோம். ராஜு ஓரத்தை நறுக்கிவிட்டதால் தாளின் அடியிலிருந்து அளக்க முடியவில்லை. கடைசி அச்சு வரியிலிருந்து அளந்தோம். அவர் கூழ் வைத்து அடைத்த துளைகளை ஒவ்வொரு தாளாகச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துத் தேடினோம். தேடியவரும் அவர்தான்.

"ஏண்டா இவ்வளவு நல்லா அடைச்சேன்னு இருக்கு சார்" என்றார் ஆறாம் நாள்.

"எனக்கும் அப்படித்தான் இருக்கிறது" என்றேன்.

செல்லத்துரை நாள்தோறும் அலுவலகம் முடிந்ததும் வந்து, எங்களோடு தரையில் உட்கார்ந்து அளந்தார். அவர் வரும்போது ஸ்டெல்லாவின் விரல் நாக்குக்குப் போகவில்லை என்பதையும் கவனித்தேன். எனக்கு அந்த மரியாதை கிடைத்ததே இல்லை.

பத்தாம் நாள் முக்கால்வாசி அலமாரி பழையபடி நின்றது. நான்கு பச்சைப் பிரதிகளில் ஒன்றின் துளைகள் ஒரு சோதிட நூலோடு பொருந்தின. பிள்ளை சொன்ன இடத்தை வைத்துப் பார்த்தால் அது பெயர் சூட்டும் பிரதி. மற்றொன்று ஒரு மருத்துவ நூலோடு பொருந்தியது. அது புது வீட்டுப் பிரதி. எஞ்சிய இரண்டில் ஒரு துளைகூட இல்லை. அடிக்கடி கையில் எடுத்துத் திறக்கும் நூலைப் புழு அண்டுவதில்லை. அந்தக் குடும்பத்தில் மிகுதியாகத் திறக்கப்பட்டவை திருமணப் பிரதியும் சாவுப் பிரதியும். எவை இரண்டும் மாறக் கூடாதோ அவை இரண்டைப் பற்றி மட்டும் புழு வாய் திறக்கவில்லை.

மஞ்சள் கறையைத் தேடினோம். இரண்டிலும் மங்கலாக இருந்தது. மஞ்சள் திருமண வீட்டிலும் உண்டு, சாவு வீட்டிலும் உண்டு. எண்ணெய்க் கறையும் அப்படியே. முதுகு உள்ளே இருந்த நூல்களைத் திருப்பி வைத்தது ஸ்டெல்லாதான். "நெறைய இருந்துச்சு சார். எது எதுன்னு பாக்கல" என்று அழுதார். அழவேண்டாம், எதையும் குறிக்காமல் இறக்கச் சொன்னவன் நான்தான் என்றேன்.

அப்போது ராஜு மெல்லச் சொன்னார்: "சார், எதையாவது ஒன்ன எடுத்து இதுதான்னு குடுத்துடுங்க. எழுத்து ஒன்னுதானே? அவருக்குப் படிக்கத் தெரியாது லா சார். நிம்மதியா இருப்பார்."

நான் கையை ஓங்கிவிட்டேன். அடிக்கவில்லை. அவர் சொன்னது நான் முதல் நாள் சொன்னதுதான் என்பது கை மேலே போன பிறகே உறைத்தது. பத்து நாளாக அவர்மேல் கொட்டிய எரிச்சலில் பெரும்பங்கு எனக்கு வரவேண்டியது.

செல்லத்துரை ஈர்க்குகளைத் திரட்டிக் கட்டிக்கொண்டிருந்தார். "இரண்டையும் கொண்டுபோய், தெரியேல்லை எண்டு சொல்லும். அதைச் சொல்லுறதும் எங்கடை உத்தியோகந்தான்" என்றார்.

அக்காவைக் கொண்டுவந்து முன்கூடத்தில் கட்டிலில் கிடத்தியிருந்தார்கள். எலும்பும் தோலுமாக இருந்தாலும் கண்கள் துறுதுறுவென்று இருந்தன. நான், செல்லத்துரை, பயிற்சியாளர் இருவர் என நால்வரும் வரிசையாக நிற்பதைப் பார்த்துவிட்டுத் தம்பியிடம் மலாயில் கேட்டார்: "நான் இன்னும் போகவில்லையே. அதற்குள் ஏன் நான்கு பேர் புத்தகத்தோடு நிற்கிறார்கள்?"

நான் நடந்ததை முழுவதும் சொன்னேன். என் மலாய் நல்ல மலாய் அன்று. ஆனாலும் எதையும் குறைக்கவில்லை. இடத்தை எழுதவேண்டாம் என்று சொன்னது நான் என்றேன். இரண்டில் ஒன்று சாவுக்கு, ஒன்று திருமணத்துக்கு. எது எது என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள இனி வழியும் இல்லை என்றேன். பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். இந்திராணி கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அக்கா கூரையைப் பார்த்தார். "இரண்டையும் எனக்கே படிக்கச் சொல்" என்றார். "பெண்ணுக்குப் புதிது வாங்கு. பெலி பாரு லா."

"அக்கா, அது தாத்தா வாங்கியது. அம்மா கல்யாணத்தில் திறந்தது. என் கல்யாணத்தில் திறந்தது."

"என் கல்யாணத்தில் திறக்கவில்லை" என்றார் அவர். "எனக்கு அப்படி ஒன்று வரவே இல்லையே. இப்போது திறக்கட்டும்."

ராஜு வாசல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதிலிருந்து ஆறாம் நாள் காலையில் அக்காவின் மூச்சு தடுமாறத் தொடங்கியது. எனக்கு ஆள் அனுப்பினார்கள். கட்டிலருகே உட்கார்ந்து ஒரு பிரதியை முதலிலிருந்து கடைசிவரை படித்தேன்; மூடி வைத்துவிட்டு மற்றதைத் திறந்து மறுபடி முதலிலிருந்து கடைசிவரை படித்தேன். எழுத்துக்கு எழுத்து ஒன்றேயான நூலை உடனே மீண்டும் படித்தது என் வாழ்நாளில் அந்த ஒரு முறைதான். இரண்டாவது முடிவதற்குள் போய்விட்டார். முடியும்வரை படிக்கும்படி பிள்ளை கையசைத்தார். இரண்டு பிரதிகளும் அவருடனேயே மண்ணுக்குள் போயின. கறை நீக்கிய, துளையில்லாத, தையல் கெட்ட இடமில்லாத இரு பழம் பிரதிகள். கண்காட்சிக்கு அவற்றைவிடப் பொருத்தமானவை இல்லை. பட்டியலில் அவற்றை அடிக்கும் பொறுப்பைச் செல்லத்துரை என்னிடம் தரவில்லை, தாமே அடித்தார்.

இளைய ஊழியர்களுக்கு என் விடை இதுதான்: படம் பிடியுங்கள். கலைந்து கிடப்பதாகத் தோன்றினால் இரண்டு முறை பிடியுங்கள். யாருக்குக் கலைந்திருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாது.

இந்திராணியின் திருமணம் அக்காவின் ஆண்டுத் திதி கழிந்து அதே வீட்டில் நடந்தது. அதற்குள் நாட்டுக்குச் சுதந்திரம் வந்துவிட்டது. புதுப் பிரதியை நான் என் கையாலேயே ஒரு கடையில் வாங்கி, தாள் உறையோடு பிள்ளையிடம் கொடுத்திருந்தேன். திருமணத்துக்கு முன் எவரும் அதைத் திறக்கக் கூடாது என்று அவர் கேட்டுக்கொண்டார். நானும் மதித்தேன், திறந்து பார்க்கவில்லை. அவர் அதை மேல்தட்டில் இடமிருந்து மூன்றாவதாக வைத்துக் கதவை மூடியதை அருகில் நின்று கண்டேன்.

திருமணத்தன்று படிக்கவேண்டியவன் நான். மேளம் நின்றது. உறையைப் பிரித்தேன், நூலைத் திறந்தேன், முதற் பக்கத்தைப் படித்தேன். தாளைப் புரட்டினால் அடுத்த பக்கம் இல்லை. அச்சுத் தாளை மடித்துத் தைத்தார்களே தவிர மடிப்பை நறுக்கவில்லை. இரண்டாம் பக்கமும் மூன்றாம் பக்கமும் பைக்குள் இருப்பதுபோல் மடிப்புக்குள் இருந்தன. நூற்றெழுபது நூல்களின் புழுத் துளைகளை அளந்த எனக்கு, ஒரு புது நூலின் ஓரத்தை வெளியிலிருந்து விரலால் தடவிப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும்.

"ஆப்பா பாசால்?" என்றார் பிள்ளை. என்ன விஷயம் என்று கேட்டார். அவர் முகம் வெளுத்துவிட்டது.

"ஒன்றுமில்லை. மடிப்பை வெட்டவேண்டும். கத்தி இருக்கிறதா?"

மணவறையில் இரும்பைக் கொண்டுவரக் கூடாது என்று ஒரு கிழவர் குரல் கொடுத்தார். சமையற்கட்டுக்கு ஒருவர் ஓடினார். கத்தி வேண்டாம், வேறு ஏதாவது என்று அவரை இன்னொருவர் கூப்பிட்டார். மேளக்காரர் என்னைப் பார்த்தார். நான் நூலைப் பார்த்தேன்.

இந்திராணியின் கொண்டையில் அவர்கள் வழக்கப்படி தங்கமுலாம் பூசிய ஊசிகள் கதிர்போலச் செருகப்பட்டிருந்தன. அவள் தலையைத் தூக்காமல் கையை மட்டும் தூக்கி, ஒன்றை உருவி என்னிடம் நீட்டினாள். "பாக்கே லா, சார்" என்றாள். இதை வைத்து வெட்டுங்கள் என்று பொருள்.

கொண்டை ஊசியால் தாளை நேராக வெட்ட முடியாது என்பது முதல்நாள் பயிற்சியாளனுக்கும் தெரியும். எட்டு மடிப்புகள். ஒவ்வொன்றையும் கிழித்தேன், படித்தேன், கிழித்தேன், படித்தேன். தாளின் ஓரம் நாய் கடித்த ரொட்டிபோல ஆனது. கூட்டத்தின் பின்னாலிருந்து எனக்கு நன்றாகப் பழகிய ஒரு குரல் வந்தது:

"மெதுவா சார்! முதுகுப் பக்கம் அழுத்திப் பிடிங்க! தாள் கிழியுது!"

ராஜுதான். அவரைத் திருமணத்துக்கு அழைத்தவர் பிள்ளை. ஸ்டெல்லா ராஜுவின் முழங்கையில் கிள்ளுவது தெரிந்தது. மணப்பெண் தோள் குலுங்கச் சிரித்தாள். அவளைக் கண்டு மாப்பிள்ளையும் சிரித்தான். கடைசிச் செய்யுளைப் படித்து முடித்தபோது என் சட்டை நனைந்திருந்தது.

தாலி கட்டி முடிந்ததும் பிள்ளையிடம் நூலைக் கொடுத்தேன். கெடுத்துவிட்டேன், வேறொன்று வாங்கித் தருகிறேன், இதை மாற்றிவிடலாம் என்றேன். அவர் கேட்டதாகத் தெரியவில்லை. நூலை மூடி, அந்தக் கரடுமுரடான ஓரத்தில் கட்டைவிரலை மேலிருந்து கீழாக ஓட்டினார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு மறுபடியும் ஓட்டினார்.

"சூடா கெனால்" என்றார். இனி இதை எனக்கு அடையாளம் தெரியும் என்பது அதன் பொருள். நூலை இடுக்கிக்கொண்டு, விருந்தினர்களுக்கு இடையே வழிவிட்டு வழிவிட்டு அலமாரியை நோக்கி நடந்தார். நான் முன்னே போய் அதன் கதவைத் திறந்து பிடித்தேன்.